தொழில்சார் தசை-எலும்புக் கோளாறுகள்

தொழில்சார் தசை-எலும்புக் கோளாறுகள் என்பவை, ஒருவர் செய்யும் வேலையின் தன்மையால் அவருடைய தசைகள், தசைநாண்கள், மூட்டுகள், நரம்புகள், முதுகெலும்பு ஆகியவற்றில் உண்டாகும் நோய்களையும், வேலையால் கடுமையாகும் நோய்களையும் குறிக்கும். கீழ்முதுகு வலி, கழுத்து வலி, தோள் வலி, முழங்கால் மூட்டுத் தேய்வு, தசைநாண் அழற்சி, மணிக்கட்டில் நரம்பு நெரிபடுதல் முதலியன இவற்றுள் அடங்கும். இவற்றுட் பெரும்பாலானவை ஒரே நாளில் நேரும் விபத்தால் வருவன அல்ல. சிறுசிறு சிதைவுகள் பல மாதங்கள் அல்லது பல ஆண்டுகள் சேர்ந்தே நோயாகின்றன. இதனால் இவற்றை வயதின் இயல்பு என்றோ உடல்வலிமைக் குறைவு என்றோ கருதி, வேலையோடு உள்ள தொடர்பைக் கவனிக்காமல் விடுவதுண்டு.

உலகில் சுமார் 171 கோடிப் பேர் தசை-எலும்பு நோய்களுடன் வாழ்வதாக உலக சுகாதார அமைப்பு குறிப்பிடுகிறது. இவை அனைத்தும் வேலையால் வந்தவை அல்ல. எனினும், உடலுழைப்பாளரிடம் வேலை இவற்றின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும்.

வரலாறு

இத்தாலிய மருத்துவரான பெர்னார்டினோ ரமாசினி (1633–1714), தொழிலாளர்களின் நோய்கள் பற்றிய தமது நூலை 1700 ஆம் ஆண்டில் மொதேனா நகரில் வெளியிட்டார். அதன் விரிவாக்கப்பட்ட பதிப்பு 1713 இல் வெளிவந்தது. தொழில்நோய்களுக்கு அவர் இரண்டு காரணங்களைக் கூறினார். ஒன்று, கையாளும் பொருள்களின் நச்சுத்தன்மை. மற்றொன்று, முறையற்ற அசைவுகளும் உடலுக்கு ஒவ்வாத நிலைகளும் ஆகும். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய வினாக்களுடன் "உமது தொழில் என்ன?" என்பதையும் சேர்க்க வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

அமெரிக்க மருத்துவரான ஆலிசு ஆமில்டன், இந்தியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு பகுதியில் காற்றழுத்தச் சுத்தியல்களால் சுண்ணாம்புக் கல் செதுக்குவோரை 1918 இல் ஆராய்ந்தார். அவர்களுடைய விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவது கருவியின் அதிர்வால் விளைவது என அவர் காட்டினார்.

உண்டாகும் விதம்

மிகுந்த விசை, ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்தல், ஒவ்வாத உடல்நிலை, நெடுநேரம் ஒரே நிலையில் இருத்தல், அதிர்வு, போதிய ஓய்வின்மை ஆகியன முதன்மைக் காரணிகளாகும். இவற்றுள் இரண்டு மூன்று ஒன்றுசேரும்போது பாதிப்பு மிகும். திசுக்கள் தம்மைத் தாமே சீர்செய்து கொள்ளும் ஆற்றல் உடையவை. அதற்கு வேண்டிய கால இடைவெளி கிடைக்காதபோது சிதைவு நிலைத்துவிடுகிறது.

குனிந்த நிலை முதுகை ஏன் வருத்துகிறது என்பதை நெம்புகோல் விதியால் விளங்கிக் கொள்ளலாம். முதுகைத் தாங்கும் தசைகள் முதுகெலும்பின் சுழல்மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் உள்ளன. ஒருவர் 10 கிலோ எடையை அம்மையத்திலிருந்து 40 செ.மீ. முன்னால் பிடித்திருந்தால், அதனைச் சமன் செய்யத் தசைகள் எட்டு மடங்கு, அதாவது சுமார் 80 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தர வேண்டும். குனிந்திருப்பவர் கையில் எதுவும் இல்லாவிடினும், தமது தலை, கை, மார்பு ஆகியவற்றின் எடையை இவ்வாறே தாங்க வேண்டியுள்ளது. இந்த விசை முழுவதும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளை அழுத்துகிறது.

வேளாண் தொழிலாளர்கள்

நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு ஆகியன இடுப்பை வளைத்து மணிக்கணக்கில் செய்யப்படும் வேலைகள். தமிழ்நாட்டில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலைகளாக இருப்பதால், இவ்வேலைகளின் சுமை அவர்கள் மீதே மிகுதியாக விழுகிறது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்போர் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமந்து வந்தனர். அதனால் சரிவில் நிற்கும் கால்களுடன் கழுத்தும் சுமை தாங்க நேர்ந்தது. டிராக்டர் ஓட்டுநர்களுக்கு முழு உடல் அதிர்வும், பின்னால் உள்ள கருவியைக் கவனிக்க உடலைத் திருப்பி அமர்வதும் சேர்ந்து முதுகுவலியை உண்டாக்குகின்றன.

கலிபோர்னியாவின் குட்டைக் களைக்கொத்து

வேலைக் கருவியே நோய்க்குக் காரணமாகலாம் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பயன்பட்ட குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்து ஆகும். எசுப்பானிய மொழி பேசும் தொழிலாளர்கள் இதனை "எல் கோர்ட்டித்தோ", அதாவது "குட்டையானது" என்று அழைத்தனர். இலைக்கோசு, சர்க்கரைவள்ளிக் கிழங்கினின்று வேறான சர்க்கரைக்கிழங்கு ஆகிய பயிர்களில் செடி கலைக்கவும் களை நீக்கவும் இது பயன்பட்டது. இதனைப் பிடித்தவர் நாள் முழுதும் இடுப்பை மடித்தே நகர வேண்டியிருந்தது.

குட்டைக் கைப்பிடி இருந்தால்தான் செடிக்கு அருகில் கவனமாக வேலை செய்ய முடியும் என நில உரிமையாளர்கள் வாதிட்டனர். நிமிர்ந்து நிற்பவர் தொலைவிலிருந்தே தெரிவதால், மேற்பார்வைக்கு எளிது என்பதற்காகவே இக்கருவி விரும்பப்படுகிறது என்பது தொழிலாளர் தரப்பின் குற்றச்சாட்டாக இருந்தது.

இக்கருவியைத் தடைசெய்யக் கோரித் தொழிலாளர்கள் 1972 இல் மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறையிடம் மனு அளித்தனர். இதனால் முதுகெலும்பு கெடும் என மருத்துவர்கள் சாட்சியம் கூறியும் 1973 இல் மனு நிராகரிக்கப்பட்டது. "பாதுகாப்பற்ற கைக்கருவி" என்னும் விதி, உடைந்த அல்லது பழுதுற்ற கருவிகளையே குறிக்கும் என்பது துறையின் விளக்கம். 1975 ஜனவரி 13 அன்று கலிபோர்னியா உச்சநீதிமன்றம் இவ்விளக்கத்தை ஏற்க மறுத்தது. பழுதில்லாத கருவியும், அதற்குரிய முறையில் பயன்படுத்தும்போதே உடலைக் கெடுக்குமானால், அதுவும் பாதுகாப்பற்றதே என்பது தீர்ப்பின் சாரம். அவ்வாண்டிலேயே இக்கருவி தடைசெய்யப்பட்டது. நீண்ட கைப்பிடியுடன் அதே பயிர்கள் தொடர்ந்து விளைவிக்கப்பட்டன.

எனினும் சிக்கல் அத்துடன் தீரவில்லை. சில பண்ணைகள் கருவியே இல்லாமல் கையால் களை பறிக்கச் செய்தன. அதுவும் குனிந்து செய்யும் வேலையே ஆதலால், 2004 இல் மாநிலம் கையால் களை பறிப்பதற்கும், சில விதிவிலக்குகளுடன், கட்டுப்பாடு விதித்தது.

தொழிற்சாலைத் தொழிலாளர்கள்

தொழிற்சாலைகளில் வேலை சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரே அசைவு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை செய்யப்படுகிறது. இறைச்சி வெட்டுதல், பொருள்களைப் பொதிதல், மின்னணுப் பாகங்களைப் பொருத்துதல் போன்ற வேலைகளில் கையும் மணிக்கட்டும் பாதிப்படைகின்றன. மணிக்கட்டிலுள்ள குறுகிய குகை போன்ற வழியில் ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் செல்கின்றன. தசைநாண்களைச் சூழ்ந்த உறைகள் வீங்கும்போது நரம்பு நெரிபட்டு, விரல்களில் மரமரப்பும் பிடிவலுக் குறைவும் தோன்றுகின்றன. இதுவே மணிக்கட்டுக் குகை நோய் எனப்படுகிறது.

ஆடை ஆலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்வோர், ஊசியைக் கூர்ந்து நோக்கத் தலையை முன்னால் சாய்ப்பதால் கழுத்து வலிக்கும் தோள் வலிக்கும் ஆளாகின்றனர். அறுவை, அரைவை, துளையிடும் கருவிகளைப் பிடிப்போருக்கு அதிர்வால் விரல் வெளுக்கும் நோய் உண்டாகிறது.

சுமை தூக்குதல்

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் சுமை தூக்குதலுக்கு ஒரு கணக்கீட்டு முறையை வகுத்து, 1991 இல் திருத்தியமைத்தது. அதன்படி, மிகச் சாதகமான நிலையிலும் பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோ மட்டுமே. சுமையைப் பிடிக்கும் கைகள் கணுக்கால்களிலிருந்து 25 செ.மீ.க்குப் பதிலாக 50 செ.மீ. முன்னால் இருந்தால், இது பாதியாக, அதாவது 11.5 கிலோவாகக் குறைகிறது. அத்துடன் உடலை 45 பாகை திருப்ப வேண்டியிருந்தால் 10 கிலோவிற்கும் கீழே செல்கிறது. இந்தியாவில் வழக்கிலுள்ள 50 கிலோ மூட்டை, மிகச் சாதகமான நிலையிலும் இந்த அளவைப் போல் இருமடங்கிற்கு மேல் ஆகும்.

தடுப்பு

வேலைக்கு ஏற்ப மனிதரை வளைக்காமல், மனிதருக்கு ஏற்ப வேலையை அமைப்பதே பணிச்சூழலியலின் அடிப்படை. சரியாகத் தூக்கும் முறையைக் கற்பித்தல் மட்டும் முதுகுவலியைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் போதிய சான்று கிடைக்கவில்லை. பின்வரும் மாற்றங்கள் அதனினும் பயன் தரக்கூடியவை:

* கருவியை மாற்றுதல். எடுத்துக்காட்டாக, செம்மை நெல் சாகுபடியில் பயன்படும் கோனோ களைக்கருவியை நின்றபடி தள்ளலாம்.
* சுமையைச் சிறிதாக்குதல். கலிபோர்னியத் திராட்சைத் தோட்டங்களில் நிரம்பிய தொட்டியின் எடை சுமார் 26 கிலோவிலிருந்து 21 கிலோவாகக் குறைக்கப்பட்டபோது தொழிலாளர்களின் வலி குறைந்தது.
* வேலைமேசை, இருக்கை ஆகியவற்றின் உயரத்தை ஆளுக்கேற்ப மாற்றும் வசதி செய்தல்.
* வேலைகளை முறைமாற்றிச் செய்தல், மணிக்கொரு முறை சில நிமிட ஓய்வு அளித்தல்.

ஆயினும், துண்டுக்கூலி முறையில் ஓய்வு என்பது கூலியிழப்பாகிவிடுகிறது. எனவே கூலி முறையும் தடுப்பின் ஒரு பகுதியாகக் கருதப்பட வேண்டியதாகிறது.

சட்டமும் இழப்பீடும்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967 இல் சுமை எடை குறித்த 127 ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதனுடன் வந்த 128 ஆம் பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி சுமக்கும் எடைக்கு 55 கிலோவை வரம்பாகக் குறித்தது. இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம், 1948, தனது 34 ஆம் பிரிவில், காயம் விளைவிக்கக்கூடிய அளவு கனமான சுமையைத் தூக்கவோ நகர்த்தவோ எவரையும் பணியமர்த்தலாகாது என்றது. தொழிற்சாலைகளுக்கென இயற்றப்பட்டதாதலால், வயலில் வேலை செய்வோருக்கு அது பொருந்தவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2000 நவம்பரில் வெளியிடப்பட்ட பணிச்சூழலியல் விதிமுறை, 2001 மார்ச்சில் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தொழில்நோய்ப் பட்டியல் 2010 இல் திருத்தப்பட்டது. அதில் மணிக்கட்டுக் குகை நோய் உட்பட ஏழு தசை-எலும்புக் கோளாறுகள் பெயரிட்டுக் குறிக்கப்பட்டுள்ளன. கீழ்முதுகு வலி அவற்றுள் ஒன்றாக இல்லை. பெயர் குறிக்கப்படாதவற்றிற்கு, வேலைக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு நிறுவப்பட வேண்டும். பல பண்ணைகளிலும் பல ஆலைகளிலும் மாறிமாறி உழைத்த ஒருவர், தமது முதுகு எவ்விடத்தில் கெட்டது என்பதை நிறுவுதல் அரிது. உழைப்பாளரிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோய்க்கு இழப்பீடு பெறுவது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.