காந்தமும் பசாசமும்

சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தில், இறைவன் சந்நிதியில் ஆன்மா அறிதற்குக் காந்தத்தின்முன் பசாசம் உவமையாயிற்று. பசாசம் ஈண்டு இரும்பு. காந்தமாவது யாது?

காந்தத்தால் விரைந்து இழுக்கப்படும் இரும்புத்தாது மாக்னடைட்டு என்னுங் கரிய கல். தூயதாயின் நூற்றுக்கு 72 கூறு இரும்புடையது. மெருகிடாத பீங்கானில் உரைப்பின் கரிய கோடு தரும். ஹெமடைட்டு என்பதும் ஒரோவழிக் கருத்துத் தோன்றும். அதன் கோடோ செந்நிறம். காந்தத்திற்கு அது பெரிதும் அசையாது. நிறத்தை மட்டும் நம்புவார் மயங்குவர்.

சேலத்துக் கஞ்சமலையில் மாக்னடைட்டு வெண்கற்பாறையோடு அடுக்கடுக்காய்க் கலந்து கிடக்கின்றது. அதுபற்றி அம்மலைக்கல் யாவுங் காந்தமென்னற்க. காந்தத்தால் இழுக்கப்படுதல் வேறு. தானே இரும்பை இழுத்தல் வேறு. மாக்னடைட்டுள் மிகச் சிலவே இழுக்கும் ஆற்றல் பெறும். மின்னல் வீழ்தல் அதற்கு ஏதுவென அறிஞர் பலர் கருதுவர். சூத்திரத்துக் காந்தம் இழுக்குங் கல்லே. ஏனைய மாக்னடைட்டுப் பசாசத்தின் பக்கத்தது.

அற்றேல், இரும்புங் காந்தத்தை இழுக்குமன்றோ? நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில், இவ்விரண்டையுந் தனித்தனிக் கலத்திலிட்டு நீரில் மிதக்கவிட, அவை ஒன்றையொன்று பற்றி அசைவற்று நின்றமை கூறினார். இழுப்பு இருபாலும் ஒத்ததென்பது அதனாற் பெறப்படும். ஆகவே இறைவனுக்கும் விகாரம் எய்துமென்று கடாவுவார் உளர். இக்கடா எளிதில் தள்ளற்பாலதன்று; சோதனை மெய்யே. ஆயினும் உவமை ஒருபுடை ஒப்புமையே. காந்தஞ் சடம், இறைவன் சித்து என்னும் வேற்றுமை முன்னரே கிடந்தது; அதனை யாரும் முற்றுவமையாகக் கொண்டிலர். முயற்சியின்றிச் சந்நிதி மாத்திரையானே பிறிதொன்று தொழிற்படுதல் ஒன்றே ஈண்டுக் கொள்ளப்பட்டது.