உழைப்போர் உழைச் செல்லும் செவிலி

வள்ளுவப் பெருந்தகையார் உழவுக்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். மருந்ததிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் என்பது நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கனையும் உறுப்பாகக் கொண்டது என்றார். நான்காவதாக வைத்த அப்பேணுநரையே நாம் இன்று செவிலி என்றும் தாதி என்றும் வழங்குகின்றோம். 'உழை' என்னும் சொற்குப் பழந்தமிழிற் பக்கம் என்பது பொருள். வினையாக நின்றால் அதுவே பாடுபடுதலைக் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்த, உழைப்போர் பக்கலிற் சென்று நின்று, வெயிலால் விளையும் நோயை ஆராயும் செவிலியர் இக்காலத்தே தோன்றியுள்ளனர். அவர்தம் பணியை அறிதல் ஊவா நாட்டினராகிய நமக்கு மிகவும் வேண்டுவதொன்றாம்.

அத்தகையோருள் ஒருவர் ரொக்ஸானா சிக்காஸ் அம்மையார். எல் சல்வடோர் நாட்டிற் பிறந்து, இளங்குழந்தையாக அமெரிக்கா சேர்ந்த இவர், அற்லாண்டா நகரத்து எமொரிப் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்விக்கூடத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர். புளோரிடா மாநிலத்துப் பண்ணைத் தொழிலாளரின் சங்கத்தோடு கைகோத்து இவரும் இவருடைய குழுவினரும் செய்த ஆய்வு முறை வியப்புக்குரியது. தொழிலாளர் விழுங்கும் சிறு குளிகையொன்று வயிற்றினுள் இருந்தபடியே உடலின் உள்வெப்பத்தை அறிவிக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் குருதியும் சிறுநீரும் சோதிக்கப்படும். எமொரிச் செவிலிய ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 192 தொழிலாளருள் மூவரில் ஒருவருக்கு, ஆய்வு நடந்த நாள்களுள் ஒருநாளேனும் சிறுநீரகம் ஊறுபட்டிருந்தமை தெரியவந்தது. அவர்கள் படுக்கையிற் கிடந்த நோயாளர் அல்லர்; அன்றன்று வேலை முடித்து வீடு திரும்பியவர்கள்.

வெயில் சிறுநீரகத்தைத் தாக்குவது எங்ஙனம் என்று மாணவர் வினவலாம். உழைக்கும் உடல் தானே வெப்பத்தைப் பிறப்பிக்கும். அவ்வெப்பத்தை வெளியேற்றக் குருதி தோலை நோக்கிப் பெருகும். வியர்வை சுரந்து உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். நீரும் உப்பும் குறையக் குறையச் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குன்றும். இஃது ஒருநாள் நேர்ந்தால் உடல் தேறிவிடும். ஆண்டுக்கணக்கில் நாளும் நேர்ந்தால் தேறாத நோயாக முற்றலாம் என்பது ஆய்வாளர் அச்சம். உடலின் உள்வெப்பம் 38 பாகை செல்சியசைக் கடவாமற் காத்தல் வேண்டும் என்பர். 40 பாகையை அடைந்து அறிவு தடுமாறுமாயின் அது உயிருக்கே இறுதியாகலாம்.

கழுத்திற் கட்டும் குளிர்த்துணி, குளிர்ச்சட்டை ஆகியவற்றை 84 தொழிலாளரிடம் சிக்காஸ் அம்மையார் சோதித்துப் பார்த்தார். சிறிய அம்முன்னாய்வில், விலைமிக்க சட்டையினும் எளிய கழுத்துத்துணியே கூடிய பயன் தரக்கூடும் எனத் தோன்றியது.

இந்நோய் அயல்நாட்டார்க்கே உரியதென்று எண்ணற்க. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்துப் பேராசிரியை வித்யா வேணுகோபால், உப்பளத்திலும் சூளையிலும் வயலிலும் பாடுபடும் தமிழ்மக்களிடையே பல்லாண்டு ஆய்வு செய்தவர். 800 கருவுற்ற மகளிரைத் தொடர்ந்து கவனித்த இவருடைய குழு, கடுவெப்பத்தில் வேலை செய்வோர்க்குக் கருச்சிதைவு நேரும் இடர் இருமடங்காதலை 2024இல் வெளியிட்டது. வேலையிடத்தே கழிப்பறை இன்மையால் மகளிர் நீர் பருகுவதையே குறைத்துக்கொள்கின்றனர் என்பதும் அவர்தம் ஆய்வுகளிற் புலப்பட்ட உண்மை.

இனி நம் மலைகளை நோக்குவோம். யூலை முதல் செப்தெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, ஊவாப் பக்கம் உலர்காற்றாய் இறங்கி வரும். அக்கச்சானிலேதான் ஊவாத் தேயிலை உலகு புகழும் மணத்தைப் பெறுகின்றது. கொழுந்துக்கு மணம் ஊட்டும் அதே காற்று, அதைக் கொய்யும் பெண்ணின் நாவை உலர்த்துகின்றது. பதுளையின் மலைத்தோட்டங்கள் புளோரிடாவைப்போல் அனல் கக்குவன அல்ல என்பது மெய்யே. ஆயினும் தலையிற் கயிறும் முதுகிற் கூடையும் இடுப்பிற் படங்கும் கொண்டு செங்குத்தான சரிவில் ஏறி இறங்குபவள் உடலில் வெப்பத்தைப் பிறப்பிப்பது ஞாயிறு மட்டுமன்று, அவளுடைய உழைப்புமாம். குறித்த நிறைக்குக் கொழுந்து கொடாவிட்டால் அரைப்பேர் என்னும் வழக்கம் அவளை நிழலில் நிற்கவொட்டாது. பீலி லயத்தருகே உள்ளது. மலையிலோ பெரும்பாலும் நீரும் இல்லை, மறைவிடமும் இல்லை.

மலையிலிருந்து இதே மாவட்டத்தின் தாழ்நிலத்துக்கு இறங்கினால் மகியங்கனைக்கு அப்பால் கிராந்துருக்கோட்டை உள்ளது. காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் மலிந்த இடங்களுள் ஒன்றாக அவ்வேளாண் குடியிருப்பு அறியப்பட்டுள்ளது. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், பயிர்நஞ்சு, வெப்பமும் நீரிழப்பும் என ஆய்வாளர் பல ஏதுக்களைக் கூறுவர். முடிபு இன்னும் எட்டப்படவில்லை. மொனராகலைப் பகுதியின் கரும்புத் தோட்டங்களும் நம் மாகாணத்தனவே. நிக்கராகுவா நாட்டுக் கரும்பு வெட்டுவோரிடையே சிறுநீரக நோய் மிகுந்தபோது, ஆலையொன்றில் நீரும் நிழலும் ஓய்வும் முறைப்படுத்தப்பட்டன. ஓய்வு கூடிய பின்னர்ச் சிறுநீரக ஊறு குறைந்ததாக ஆய்வாளர் கண்டனர்.

2014 ஒக்தோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்ணுள் புதைந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. மழையின் கொடுமை கண்ணுக்குத் தெரியும். வெயிலோ இடிபாடு எதனையும் விட்டுச் செல்வதில்லை. மயங்கி விழுந்தவளைப் பலவீனமானவள் என்றும், நிழலில் ஒதுங்கியவளைச் சோம்பேறி என்றும் பேசிக் கடந்துவிடுகின்றோம். அப்பேச்சை மறுப்பதற்கே அளவை வேண்டியிருக்கிறது. வீடுதோறும் செல்லும் மருத்துவிச்சியும் தோட்ட மருத்துவ உதவியாளரும் நம்மிடையே உள்ளனர். கச்சான் மாதங்களில் மயக்கமுற்றோர், நீர்க்கடுப்புற்றோர், கருவிழந்தோர் எத்துணையர் என்று ஓர் ஏட்டிற் குறித்துவரினும் அது பெரியதோர் ஆய்வின் தொடக்கமாகும்.

வேண்டுவன அரியனவல்ல. மலைக்குச் செல்லும் நீர்க்குடம், கழுத்தில் ஈரத்துணி, மறைவான கழிப்பிடம், நண்பகலில் நிழலோய்வு ஆகிய இவையே. இவற்றுள் கடைசியானதே கடினமானது. ஏனெனில் அதற்குக் காசு செலவாகும். ஓய்ந்திருந்த அந்த நாழிகையையும் வேலையாகக் கொண்டு செக்ரோலில் முழுப்பேர் விழுமாயின், மற்றவை தாமே பின்தொடரும்.