கிணறு ஆழம், கயிறு குட்டை

கட்டற்ற கணினி – 9

ஒலக்கூரில் எனக்குத் தெரிந்த போட்டோகிராபர் தம்பி ஒருவர், பழைய டெஸ்க்டாப்பில் 4 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதிலிருந்தே லினக்ஸ் ஓட்டுகிறார். சுற்றுவட்டாரக் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதே டிஸ்க்கில்தான். ஒருநாள் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். லினக்ஸை எழுப்பிவிடும் கிரப்பின் மெனு வந்தது. என்டர் தட்டியதும் கறுப்புத் திரையில் ஒரு எரர்: டிஸ்க்கின் எல்லைக்கு வெளியே படிக்க முயற்சி நடக்கிறதாம்.

“அண்ணே, டிஸ்க் போயிடுச்சா?” என்றார் போனில். குரல் நடுங்கியது.

போய்ப் பார்த்தேன். மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ திறந்து, லினக்ஸின் மையமான கர்னலில் பழையதைத் தேர்ந்தெடுத்தேன். சிஸ்டம் எழுந்துவிட்டது. படங்கள் பத்திரம். பழைய கர்னல் வருகிறது, புதியது வரவில்லை என்றால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

கணினி எழும்போது டிஸ்க்கை முதலில் படிப்பது லினக்ஸ் அல்ல. கிரப், பயாஸின் கையைப் பிடித்துக்கொண்டு கர்னலைத் தேடுகிறது. பழைய பயாஸ் சிலவற்றில் செக்டார் முகவரிக்கு 28 பிட்தான். செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 137 ஜிபி. கிணறு 4,000 ஜிபி ஆழம். கயிறு 137 வரைதான் எட்டும். கர்னல் எழுந்துவிட்டால் தன் சொந்த டிரைவரால் முழு டிஸ்க்கையும் படித்துக்கொள்ளும்.

முதலில் நிறுவியபோது கர்னல் டிஸ்க்கின் முன்பகுதியில் விழுந்தது. படங்கள் நிறைந்த பிறகு வந்த புதிய கர்னலுக்கு வெகு தூரத்தில்தான் இடம் கிடைத்தது. ‘ஃபைல்ஃப்ராக்’ கட்டளையில் இரண்டு கர்னல் ஃபைல்களின் இடத்தையும் பார்த்தோம்: ஒன்று 137க்கு உள்ளே, மற்றது வெளியே.

புதிதாக நிறுவுவோர் டிஸ்க்கின் தொடக்கத்திலேயே 1 ஜிபி அளவில் ‘பூட்’ பார்ட்டிஷனைத் தனியே பிரித்துவிடுங்கள். டிஸ்க் 2 டிபிக்கு மேல் போனால் ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணைதான் சரிவரும். பழைய பயாஸ் என்றால் கிரப்புக்கென 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷனும் வேண்டும்.

தம்பியின் டிஸ்க்கிலோ இடமே இல்லை. நிறைந்த டிஸ்க்கில் பார்ட்டிஷனை நகர்த்துவது ஆபத்து. நடுவில் கரண்ட் போனால் கல்யாணங்கள் போச்சு. ஆகவே, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை வாங்கிவரச் சொன்னேன். பூட் ஃபோல்டரை அதில் காப்பி செய்து, எஃப்ஸ்டேப் ஃபைலில் அதன் யுயுஐடியை எழுதி, பழைய பூட் ஃபோல்டரின் இடத்திலேயே மவுன்ட் செய்தோம். பிறகு கிரப்பைப் பென்டிரைவில் நிறுவி, மெனுவைப் புதுப்பித்தோம். நிறுவும் முன் ‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்து, எது எந்த டிஸ்க் என்று இருமுறை சரிபார்த்தோம். பயாஸில் பென்டிரைவை முதலிடத்துக்குக் கொண்டுவந்ததும் புதிய கர்னல் எழுந்தது. இனி பென்டிரைவைப் பிடுங்கக் கூடாது; அடுத்த கர்னலும் அதில்தான் விழும்.

தம்பிக்கு வந்த பயம் புதிதல்ல. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் கிராமத்து வீடுகளுக்குள் வந்தது. எரர் கண்டதும் பயந்து, அதை அழித்தவர்கள் பலர். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள். ஆனால் அதற்கு முன், திரையில் வந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஃபார்மட் பொத்தானில் மட்டும் கை வைக்காதீர்கள்.

(அடுத்த வாரம்: படங்களுக்கு இரண்டாவது காப்பி)