உங்களுக்குத் தெரியுமா? பிழை பிடிக்கும் ஸ்பார்க்

தியோ டி ராட் 1995-இல் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம், இன்டெல், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், ஸ்பார்க் என்று குணத்தில் வேறுபட்ட ப்ராசஸர்களுக்கெல்லாம் ஒரே மூலநிரல் தொகுப்பிலிருந்து வெளியாகிறது. அருகிவிட்ட ஸ்பார்க்கை இன்னும் ஏன் பராமரிக்கிறார்கள்? பிழை பிடிக்கத்தான்!

12345678 என்ற பதினறும எண்ணை இன்டெல் சிப் நினைவகத்தில் 78 56 34 12 என்று தலைகீழாக வைக்கும். ஓப்பன்பிஎஸ்டி ஓடும் ஸ்பார்க்கில் அது 12 34 56 78 என்றே இருக்கும். நான்கு பைட் எண் ஒன்று, நான்கால் வகுபடாத முகவரியில் கிடந்தால் இன்டெல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஸ்பார்க் பொறுக்காது, நிரலை அங்கேயே நிறுத்திவிடும். இன்டெலில் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும் தவறு இங்கே முதல் ஓட்டத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். திருத்தினால் பலன் எல்லா ப்ராசஸர்களுக்கும்தான். அந்தக் கண்டிப்புக்காகவே ஸ்பார்க்கைக் கொண்டாடலாம்.

இத்தனை வகைகளையும் பராமரிக்கும் உழைப்பும் கொஞ்சமல்ல. வேகமான வேறொரு கணினியில் தொகுத்துக் கொண்டுவரும் குறுக்குவழி ஓப்பன்பிஎஸ்டியில் கிடையாது. ஒவ்வொரு வெளியீட்டையும் அந்தந்த வகைக் கணினியிலேயே தொகுக்கிறார்கள். மெதுவான பழைய இயந்திரங்களுக்கு இது பெரும்பாடு. அப்படிப்பட்ட வாக்ஸ் கணினிகளுக்கான ஆதரவு 2016-இல் வந்த 5.9 பதிப்போடு நின்றது.