அவையில் அமர்ந்து எழுதுவோர்

சடையங்குப்பத்து மக்களுக்கு மழைக்காலம் என்றாலே கலக்கந்தான். பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி நீர் திறக்கப்பட்டால், கொசஸ்தலையாறு பெருகி மணலியை அடுத்த இவ்வூரைச் சூழ்ந்துகொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கால்வாயைத் தூர் வாருவதா, கரை எழுப்புவதா, நிவாரணம் எவ்வளவு என்பனவெல்லாம் தீர்மானமாகும் இடம் புனித ஜார்ஜ் கோட்டை. அங்கே நம் பகுதிக்காக ஒரு வினா எழுந்தால், அமைச்சர் கூறிய விடையை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருபவர் சட்டமன்ற நிருபரே.

அமைச்சரின் சொற்கள் அவைக்குறிப்பிலும் இருக்கும். ஆனால் அவர் நேராக விடையளித்தாரா, நழுவினாரா, வினவியவர்மேல் சினந்தாரா என்பது குறிப்பில் இராது. அதை நமக்கு உரைப்பவர் நிருபர். அவருக்குத் தொல்லை வருவதும் அதனால்தான்.

2003-ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் அவைப் பேச்சுகளைப் பற்றி எழுதிய ‘தி இந்து’ நாளேடு, அவர் சினந்தார், உரத்த தொனியில் பேசினார் என்னும் பொருள்படும் சொற்களைக் கையாண்டிருந்தது. இது அவை உரிமையை மீறியதாகக் கொள்ளப்பட்டது. அதைக் கண்டித்து ஏப்ரல் 25 அன்று வெளிவந்த தலையங்கமும் குற்றமாயிற்று. நவம்பர் 7 அன்று, சிறப்பு நிருபர் ராதா வெங்கடேசன், ஆசிரியர் என். ரவி உள்ளிட்ட ஐவருக்கும், அத்தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட ‘முரசொலி’யின் ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறைத் தண்டனையை அவை விதித்தது. அன்றே காவலர் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தனர். மூன்றாம் நாள், நவம்பர் 10-இல், உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. குரல் உயர்ந்தது என்று எழுதியதற்குச் சிறையா!

இதற்கு முன்னோடியும் உண்டு. 1987 ஏப்ரலில், அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றுச் சிறை புகுந்தார். நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் சில நாட்களில் விடுதலையானார். எனினும் அவர் அத்துடன் விடவில்லை. வழக்குத் தொடுத்து 1994-இல் வென்றார். நஷ்ட ஈடு ஆயிரம் ரூபாய்.

அவைக்கு மதிப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நிருபர்களிலும் மிகைப்படுத்துவோர் உண்டு. அதற்கு மறுப்பு எழுதலாம். ஆனால் அரசியல் அமைப்பின் 194-ஆம் பிரிவு தரும் அவை உரிமைகள் இவை இவையென இன்றளவும் சட்டமாகத் தொகுக்கப்படவில்லை. குற்றம் சாட்டுவதும் தீர்ப்பிடுவதும் அவையே. எந்தச் சொல் குற்றமாகும் என்று அறியாத நிருபர், அடுத்த முறை ‘அமைச்சர் பதிலளித்தார்’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வார். வெள்ளத்தில் நின்று வினா எழுப்பிய ஊரார்க்கு அவ்வரியிலிருந்து என்ன விளங்கும்?

நீர்வளத் துறையின் மானியக் கோரிக்கை விவாதிக்கப்படும் நாட்களில், நம் குடும்பத்தார் நாளேட்டின் உட்பக்கங்களைச் சற்று நிதானமாய்ப் புரட்டட்டும். கொசஸ்தலையாற்றுக்குரிய செய்தி, பெரும்பாலும் விளம்பரத்துக்கு அடியில் நான்கு வரியாய்த்தான் இருக்கும்.