பன்னிரண்டு மரையும் பதின்மூன்று மரையும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் புறநகர் ரயிலில் திருவொற்றியூரையும் எண்ணூரையும் கடப்பவர்கள், இந்நாட்டு மோட்டார்த் தொழிலின் பால்யப் பருவம் கழிந்த பிரதேசத்தின் ஊடாகவே பிரயாணம் செய்கிறார்கள். 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தோன்றி 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர் ஸ்தாபனமும், திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்த என்ஃபீல்டும், பிரிட்டிஷ் வடிவமைப்புகளை இங்கே வேரூன்றச் செய்தன. அந்தத் தலைமுறை எஞ்சின் ஒன்று பட்டறைக்கு வந்துவிட்டால், கனத்த வார்ப்பிரும்பு பிளாக்கைவிட, அதில் நிற்கும் விரல் பருமன் ஸ்டட்டுகளே மெக்கானிக்கின் பொறுமையை அதிகம் சோதிக்கின்றன.

தலையில்லாமல் இரு முனைகளிலும் மரை வெட்டிய தண்டே ஸ்டட். ஒரு முனை பிளாக்கினுள் நிலையாக இறங்கியிருக்க, மறுமுனையில் சிலிண்டர் ஹெட்டை அமர்த்தி நட்டை முறுக்குகிறோம். வார்ப்பிரும்பில் கிராஃபைட் மெல்லிய ஏடுகளாகக் கலந்திருப்பதால் அது அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்குவதில்லை; அதில் வெட்டிய மரை நொறுங்கும் சுபாவமுடையது. ஆகையால், பிளாக்கில் இறங்கும் முனைக்குப் பருமரையும் நட்டு ஏறும் முனைக்கு நுண்மரையும் கொடுத்து, துளைக்குள் பிடிக்கும் நீளத்தை விட்டத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்காக வைப்பது பழைய எஞ்சினியர்களின் சம்பிரதாயம். ஹெட்டை எத்தனை முறை கழற்றினாலும் தேய்வது நட்டும் ஸ்டட்டுமே. பிளாக்கின் மரை தீண்டப்படுவதில்லை. எளிதில் மாற்றக்கூடியது தேய்ந்து, மாற்ற முடியாததைக் காப்பதே இந்த ஏற்பாட்டின் தாத்பரியம்.

ஆயினும் மரையென்றால் எல்லாம் ஒன்றல்ல. ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த மரைக்கு 55 டிகிரி கோணம்; எண்ணூர் ஸ்தாபனம் தோன்றிய அதே 1948-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒப்புக்கொண்ட யூனிஃபைடு மரைக்கு 60 டிகிரி. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை. யூனிஃபைடு பருமரையில் 13. பார்வைக்கு இரண்டும் சகோதரர்கள். ஒன்றின் துளையில் மற்றது சில சுற்றுகள் ஏறவும் செய்யும். பிறகு இறுகும்போது, துருதான் தடுக்கிறதென்று எண்ணி ஸ்பேனரில் குழாயை மாட்டி முறுக்குகிறவர், அரை நூற்றாண்டு பிழைத்திருந்த மரையை அரை நிமிஷத்தில் அழித்துவிடுகிறார். மரை கேஜை வைத்துப் பார்க்க அதைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும்.

துளைக்குள்ளேயே ஒடிந்துபோன ஸ்டட்டுக்கும் பலத்தைவிட நிதானமே மருந்து. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆப்புப்போல் இறுக்குகிறது. இளகு எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைத்து, மிஞ்சிய முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தால், அந்த வெப்பத்தில் விரிந்து பின் சுருங்கும் ஸ்டட் துருவின் பிடியை உடைத்துக்கொண்டு, பெரும்பாலும் இணங்கி வெளிவரும். அதற்கும் அசையாதபோதுதான் நட்டநடுவில் பஞ்ச் அடித்து டிரில் செய்யவேண்டும். புள்ளி சற்று விலகினாலும் டிரில் மிருதுவான வார்ப்பைத் தின்னத் தொடங்கிவிடும்.

கடைசியாக ஒரு ஜாக்கிரதை. அடிமூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்கையில் போல்ட்டை இறக்கினால், வெளியேற வழியற்ற திரவத்தின் அழுத்தம் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். ஆகவே மரை வெட்டும் டேப்பை இறக்கிச் சுத்தம் செய்து, காற்றடித்து உலர்த்தி, புதிய ஸ்டட்டை ஸ்பேனர் இல்லாமல் வெறும் விரலால் திருகிப் பார்க்கவேண்டும். அது தடையின்றி அடிவரை இறங்கும்போது, அன்று அந்த மரையை வெட்டிய முகமறியாத தொழிலாளியின் வேலை இன்றும் கெடாமல் இருப்பதை அந்த விரல்களே உணரும்.