கொட்டாய் மூலையில் ஒரு பிரஷ் கட்டர்

தை முடிந்தால் தருமபுரி மாவட்டத்துக் கொல்லைகளில் பச்சை மங்கத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் உயரம் வளர்ந்த புல் மாசி வெயிலில் சருகாகிச் சாய்ந்துவிடும். காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்து மாந்தோப்புகளில் அதுவரை இரைந்துகொண்டிருந்த பிரஷ் கட்டருக்கு அதன்பின் வேலை இல்லை. கொட்டாய் மூலையில், யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தால், மறுபடி அதன் ஞாபகம் வருவது கோடை மழைக்குப் பிறகுதான்.

அப்போது கயிற்றை இழுத்தால் ஓடாது. இருபது முறை இழுத்துத் தோள் வலித்த பிறகு பைக்கில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “பெட்ரோல் எப்பண்ணா ஊத்துனது?”

“பொங்கலுக்கு முன்ன.”

மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவர் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

புல் வெட்டும் இயந்திரம் இங்கிலாந்தில் பிறந்தது. கம்பளித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் புல்தரைக்கு ஒன்று செய்தார். நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுக்கும் வகை 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வந்தது. கார் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்தபோது ஜார்ஜ் பல்லாஸுக்குத் தோன்றிய யோசனை அது. அந்த நாடுகளில் பனிக்காலம் வந்தால் மிஷினை மூட்டை கட்டுவார்கள். இங்கே மூட்டை கட்ட வைப்பது வெயில். இரண்டு இடத்திலும் மிஷின் கெடுவது ஓடும்போது அல்ல, சும்மா நிற்கும்போதுதான்.

குற்றவாளி டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல். டூ ஸ்ட்ரோக் மிஷினில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்திருக்கும். மிஷினைப் பொறுத்து லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி. பெட்ரோல் மெல்ல ஆவியாகிவிட, ஆயில் மட்டும் பிசினாகத் தங்கி, முடி நுழையும் அளவே உள்ள கார்புரேட்டர் துளையை அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். எத்தனால் கரும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பதால் பாலக்கோட்டுக் கரும்பு விவசாயிக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம். அவருடைய பிரஷ் கட்டருக்கு அல்ல.

கடைசி வேலை முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்துவிட்டு, மிஷினை ஓடவிட்டுத் தானாக நிற்கும்வரை பார்க்க வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரில் தங்கியதும் தீரும். சூடு ஆறியதும் பிளக் தொப்பியைப் பிடுங்கிய பிறகே பிளேடில் கை வைக்கலாம். பிளக்கையும் கழற்றி, அந்தத் துளையில் சில சொட்டு ஆயில் விட்டுக் கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்தால், உள்ளே பிஸ்டனும் சிலிண்டரும் துருப்பிடிக்காது.

சுத்தம் செய்வதில்தான் பலர் தவறுகிறார்கள். பம்புசெட் குழாயை நேராகத் திருப்பிவிடுவது சுலபம்; ஏர் ஃபில்டர் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். பழைய டூத் பிரஷ் ஒன்று போதும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில் புல்தூளும் ஆயிலும் சேர்ந்து புண்ணாக்கு மாதிரி இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் காற்று புகாது, இன்ஜின் கொதிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கலாம். பேப்பர் ஃபில்டரைத் தட்டினால் போதும், நனைக்கக் கூடாது. பிளேடில் ஒட்டிய புல்சாறு ஈரத்தைப் பிடித்துத் துருவேற்றும் என்பதால் துடைத்து ஆயில் தடவ வேண்டும். தண்டின் முனையிலுள்ள கியர் பெட்டிக்குக் கொஞ்சம் கிரீஸ்.

வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வாங்கிய பவர் வீடருக்கும் இதே கதைதான். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இன்ஜின் ஆயிலை, இளஞ்சூடாக இருக்கும்போதே வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். சாய்த்துக் கழுவுகிறவர்கள் பிளக் பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் அந்த யூரியா மூட்டை. உரம் ஈரத்தை இழுத்துக் கசியும், பக்கத்திலிருக்கும் இரும்பை அரிக்கும். மிஷினுக்கு வேறு மூலை பார்ப்பது நல்லது; சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. பெட்ரோல் டியூபைக் கடிக்கும் எலிக்கும் எட்டாது.

வெயிலில் கிடந்த நைலான் நரம்பு ஈரம் வற்றி மொறுமொறுவென்று ஆகிவிடும். கல்லில் பட்டதுமே துண்டு துண்டாகத் தெறிக்கும். ஆனியில் முதல் வெட்டுக்கு முந்தின இரவு ஒரு வாளித் தண்ணீரில் அதைப் போட்டு வைத்தால், விடிவதற்குள் வளைந்து கொடுக்கும்.